டாக்டர் போயிட்டாரு... மாத்திரையை யாரு எழுதறது?

*ஒரே டாக்டரிடம் இருபது முப்பது வருஷம். ஒருநாள் திடீரென்று அவர் இல்லை. சுகர், பிரஷர், வலிப்பு, வீசிங் என்று தினமும் மாத்திரை விழுங்குகிறவர்களின் அடுத்த மாதம் எப்படிப் போகிறது? பட்டு நெய்யும் காஞ்சியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

கிளினிக் ஷட்டர் பாதிதான் இறங்கியிருக்கிறது. உள்ளே காம்பவுண்டர் மட்டும். வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸில் டாக்டர் சிரிக்கிறார். கீழே 'கண்ணீர் அஞ்சலி'. ஆட்டோ ஸ்டாண்டு, எதிர்வரிசை மெடிக்கல் ஷாப், தெருவாசிகள் என்று வரிசையாகப் பெயர்கள். காரியம் முடிந்து நாளாகிவிட்டது. ஆனாலும் காலை பத்து மணிக்கு மஞ்சப்பையோடு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

வருகிறவர்களில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்தேதான் வருகிறார்கள். கால் பழக்கம். ஒரு பாட்டி ஃபிளெக்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிறகு முந்தானையிலிருந்து நான்காய் மடித்த மருந்துச் சீட்டை எடுக்கிறார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. "இன்னும் நாலு நாளைக்குத்தாம்பா மாத்திரை இருக்கு. அப்புறம் யாரைப் பார்க்கறது?" காம்பவுண்டரிடம் பதில் இல்லை. எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப்பைக் கை காட்டுகிறார்.

தெரு எது, டாக்டர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. பிள்ளையார்பாளையம், சின்ன காஞ்சிபுரம், செவிலிமேடு என்று எந்தப் பக்கம் போனாலும், ஏதோ ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு தெரு பார்த்த காட்சிதான் இது. டாக்டர் இறந்துதான் போக வேண்டும் என்றில்லை. மகனோடு இருக்க அமெரிக்கா போயிருப்பார். பக்கவாதம் வந்து படுத்திருப்பார். கட்டிடத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குக் குடி போயிருப்பார். நோயாளிக்கு எல்லாம் ஒன்றுதான். அடுத்த மாத மாத்திரைக்கு ஆள் இல்லை.

அஞ்சலியோடு முடிந்துவிடும் செய்தி

'கைராசி டாக்டர்'கள் மறையும்போது அவர்களைக் கொண்டாடத் தெரிந்த மாநிலம் தமிழ்நாடு. கோவை சித்தாபுதூரில் 20 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பாலசுப்ரமணியம் 2016 நவம்பரில் காலமானபோது, அவரை வழியனுப்ப ஊரே திரண்டது. வடசென்னையில் '2 ரூபாய் டாக்டர்' என்று பெயரெடுத்த ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் பிறந்தது பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தின் கொடைப்பட்டினம் கிராமத்தில். படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். வியாசர்பாடியின் '5 ரூபாய் டாக்டர்' திருவேங்கடம் 2020 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். தலைவர்கள் இரங்கல் சொன்னார்கள், டி.வி.யில் ஓடியது, வாட்ஸ்அப்பில் சுற்றியது.

அதற்கு அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று எந்தப் பத்திரிகையும் போய்ப் பார்த்து எழுதியதாக நினைவில்லை. நம்மையும் சேர்த்துத்தான். அந்த வரிசையில் தினமும் உட்கார்ந்திருந்த சுகர்க்காரர்களும் பிரஷர்க்காரர்களும் எங்கே போனார்கள்?

கொரோனா இந்தக் கேள்வியைப் பெரிதாக்கியது. முதல் அலையில் மட்டும் நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் இறந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் கணக்குச் சொன்னது. அவர்களில் கணிசமானோர் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டுகள் அல்ல, தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த பொது மருத்துவர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் போனால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். தெருமுனை கிளினிக்கில் டாக்டர்தான் நாற்காலி, ஃபைல், எல்லாமே.

சீட்டில் எழுதாத சேதி

மருந்துச் சீட்டில் என்ன இருக்கும்? மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், 1-0-1, சாப்பாட்டுக்கு முன், பின். அவ்வளவுதான். ஏன் அந்த மாத்திரை, ஏன் அந்த அளவு, இதற்கு முன் எதைக் கொடுத்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தினார் என்பதெல்லாம் டாக்டரின் தலைக்குள் இருக்கும். அவர் போகும்போது அதுவும் சேர்ந்து போகிறது.

காஞ்சியை வைத்தே பார்ப்போம். குழித்தறியில் உட்காரும் நெசவாளிக்குக் கால் இரண்டும் பள்ளத்துக்குள் தொங்கும். மிதியை மாற்றி மாற்றி மிதித்தபடி நாள் முழுக்க அதே இடம். சாயங்காலம் எழுந்திருக்கும்போது கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தால் அது தறிக்குழியின் கைவரிசை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்க வைக்கும். சிறுநீரகம் பழுதானாலும் வீங்கும், இருதயம் தளர்ந்தாலும் வீங்கும். இருபது வருஷமாகப் பார்த்த டாக்டருக்கு, இந்த ஆளுக்கு எந்த வீக்கம் எதனால் வந்தது என்று தெரியும். "இந்த மாத்திரை உனக்கு வேணாம்" என்று மாற்றியிருப்பார். மாற்றிய காரணத்தை எங்கும் எழுதியிருக்க மாட்டார். புதிதாகப் பார்க்கிற டாக்டர் நல்லெண்ணத்தோடு அதே அம்லோடிபினை மறுபடி எழுதுவார்.

இன்னும் நுணுக்கமான ஒன்று கை நடுக்கம். புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து, வரிக்கு வரி இரண்டையும் பின்னிச் சேர்ப்பதுதான் கோர்வை. பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் கண்ணும் கையும் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு நெய்துகொண்டிருப்பவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, சரிகை இழை கண்ணுக்குச் சரியாகப் புலப்படவில்லை. "பசி மயக்கம், டீ ஒண்ணு போட்டுக் குடு" என்பார். சர்க்கரை போட்ட டீ குடித்ததும் சரியாகிவிடும். சரியாகிவிடுவதுதான் தொந்தரவே. அது பசி அல்ல, சுகர் தாழ்ந்துபோன நிலை. மாத்திரையின் அளவு இப்போது அவருக்கு அதிகம் என்று உடம்பு சொல்லும் செய்தி.

அதிகமானது எப்படி? மாத்திரை மாறவில்லை, ஆள்தான் மாறிவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்பு எழுதிய கிளிபென்கிளமைடு மாத்திரை அன்றைக்குச் சரி. இன்று வயது அறுபத்தைந்து, சிறுநீரகம் முன்போல் வடிகட்டுவதில்லை, ஒரு வேளை சாப்பாடும் குறைந்துவிட்டது. அந்த மாத்திரை உடம்பில் தேங்கி, மணிக்கணக்கில் சுகரைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். மெட்ஃபார்மினையும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். இதை வருஷா வருஷம் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருவதுதான் அந்த டாக்டர் சத்தமில்லாமல் செய்த வேலை. பழைய சீட்டு அந்த வேலையைச் செய்யாது.

> திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரைகள்
>
> எல்லா மாத்திரையும் ஒரே ரகம் அல்ல. தைராய்டு மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போனால் பெரிய ஆபத்தில்லை. அது உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆனால் கீழே உள்ளவற்றை டாக்டர் இல்லை என்பதற்காக ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது.
>
> வலிப்பு மாத்திரைகள் (ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் போன்றவை): விட்டால், நிற்காமல் தொடர் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து.
>
> பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள்: மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களின் உடம்பு சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.
>
> அட்டெனலால், மெட்டோபுரோலால், குளோனிடின்: நிறுத்தியதும் இருதயத் துடிப்பும் பிரஷரும் முன்பைவிட எகிறலாம். நெஞ்சுவலிக்காரர்களுக்கு இது பொல்லாதது.
>
> ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் (அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோகிரெல்): செயற்கை வால்வு, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தக்கட்டி அடைப்பு வரலாம்.
>
> அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை: நாள்பட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தூக்கமின்மை, நடுக்கம், பதற்றம். சிலருக்கு வலிப்பு.

மெடிக்கல் ஷாப்தான் இனி டாக்டர்

டாக்டர் போன பிறகு முதல் ஆறு மாதத்துக்கு ஊரின் வைத்தியர் மெடிக்கல் ஷாப்காரர்தான். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. "அவர் எழுதினதையே குடுப்பா" என்று சீட்டை நீட்டுகிறார்கள். சீட்டும் தொலைந்திருந்தால் காலி அட்டையை நீட்டுகிறார்கள். வெள்ளி அட்டையில் கடைசி மாத்திரை இருந்த ஓரத்தை மட்டும் கத்தரித்து, பர்ஸில் வைத்திருப்பவர்களும் உண்டு. மாத்திரையின் பெயர் பாதிதான் அதில் இருக்கும்.

சட்டப்படி பார்த்தால் கடைக்காரருக்கு இது தர்மசங்கடம். 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளில் 65-வது விதி, 'ஷெட்யூல் எச்' மருந்துகளைத் தேதியும் கையெழுத்தும் உள்ள சீட்டுக்குத்தான் கொடுக்கலாம் என்கிறது. டாக்டர் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். சுகர், பிரஷர் மாத்திரைகள் பெரும்பாலும் இந்த வகைதான். நடைமுறையில் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் பிரஷர் மாத்திரைக்குத் தேதி பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தால் ஊரில் பாதிப்பேர் மாத்திரை இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர்மேல் பழி போட எனக்கு மனமில்லை. காலி நாற்காலியின் பாரம் அவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

சிக்கல் தூக்க மாத்திரையில் வருகிறது. 2014 மார்ச் முதல் 'ஷெட்யூல் எச்1' என்று தனிப் பட்டியல் இருக்கிறது. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் எல்லாம் அதில் அடக்கம். எந்த டாக்டர் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வந்த கெடுபிடி இது, தேவையானதும்கூட. ஆனால் புருஷன் செத்த வருஷத்திலிருந்து ராத்திரி ஒரு மாத்திரை போட்டே தூங்கும் அறுபது வயது அம்மாவையும் அதே கெடுபிடிதான் திருப்பி அனுப்புகிறது. கடைக்காரர் "டாக்டர்தான் இல்லையே, பதிவேட்டில் யார் பேரை எழுதறது?" என்பார். கேள்வி நியாயமானது. அந்த அம்மா நான்கு நாள் கண் மூடாமல், கை உதற, படபடப்போடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் 'காற்று கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் நடக்கும். மாத்திரைக்குப் பழகிய உடம்பு அது இல்லாமல் படும் பாடு என்று சொல்ல ஆளில்லை.

இந்த மாத்திரைகளை வருஷக்கணக்கில் எழுதிக்கொடுத்துவிட்டு, எப்படி விடுவது என்று ஒருநாளும் பேசாத டாக்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைராசியின் மறுபக்கம் அது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பதால் ஊர் இதைப் பேசுவதில்லை.

"புது டாக்டர் எல்லாத்தையும் மாத்திட்டாரு"

கடைசியில் ஒருநாள் மயக்கம் வரும், அல்லது மகள் வற்புறுத்துவாள். புது டாக்டரிடம் போவார்கள். அவருக்கு முன்னால் ஒரு கிழிந்த சீட்டும் நான்கு அட்டைகளும். டோக்கன் வரிசையில் இன்னும் நாற்பது பேர். அவர் என்ன செய்வார்? தனக்குப் பழகிய கம்பெனி மாத்திரைகளை எழுதுவார். மருந்து ஒன்றாகவே இருக்கலாம், பெயர் வேறு, நிறம் வேறு.

இங்கேதான் இரட்டிப்பு விபத்து நடக்கிறது. பழைய அட்டையில் மிச்சம் இருக்கும் மாத்திரையை வீணாக்க நம் வீடுகளில் மனசு வராது. "அதுவும் நல்ல மாத்திரைதானே" என்று அதையும் போட்டுக்கொண்டு, புதியதையும் போட்டுக்கொள்வார்கள். இரண்டும் டெல்மிசார்டன் என்று அட்டையைப் படித்தால்தான் தெரியும். பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷில். பெரியாஸ்பத்திரியில் வாங்கிய அரசு அட்டையும் கடையில் வாங்கிய கம்பெனி அட்டையும் ஒரே டப்பாவில் கிடப்பது இன்னும் சகஜம். பிரஷர் தாறுமாறாக இறங்கி, காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், கேஸ் ஷீட்டில் 'தவறி விழுந்தார்' என்றுதான் எழுதுவார்கள்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இதைவிடப் பயங்கரம். அது வாரம் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்தத் தவறில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பழைய டாக்டர் "வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒண்ணு" என்று வாயால் சொல்லியிருப்பார். காமாட்சி ஊரில் வெள்ளிக்கிழமையை யார் மறப்பார்கள்? மருந்து கச்சிதமாக நடந்துகொண்டிருக்கும். சீட்டிலிருந்து சீட்டுக்குக் கைமாறும்போது அந்த 'வாரம் ஒருமுறை' என்ற இரண்டு சொல் நழுவினால் போதும்.

பெரியாஸ்பத்திரி நோட்டு

ஒரு வேடிக்கை உண்டு. டாக்டர் மாறிக்கொண்டே இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் நோயாளி கையில் ஒரு நோட்டு இருக்கும். இன்றைக்குப் பார்ப்பவர் அடுத்த மாதம் இருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிவதால், ஒவ்வொருவரும் நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு, எந்த மாத்திரை எப்போது கூடியது எல்லாம் கிறுக்கலாகவாவது இருக்கும். முப்பது வருஷம் ஒரே முகத்தைப் பார்த்த தனியார் கிளினிக் நோயாளியிடம் எதுவும் இருக்காது. நம்பிக்கை அதிகமான இடத்தில் காகிதம் குறைவு.

சட்டமும் இதில் கைவிரிக்கிறது. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிக்குத்தான் அது. கிளினிக்கில் வந்து போகிற வெளிநோயாளியின் குறிப்புகள் டாக்டர் மறைந்த பிறகு எந்தப் பரணில் கிடக்கும், யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பதை ஒழுங்குசெய்ய அந்த விதிகளில் வழி இல்லை. குடும்பத்தார் கட்டிடத்தைக் காலி செய்யும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

அப்படியானால் எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்கே போகலாமே? காஞ்சிபுரத்துக்கு அதிலும் ஒரு மனக்குறை இருக்கிறது. அண்ணா பிறந்த ஊர் என்பதால் 1969-லேயே காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்துவிட்டது. நகருக்குள் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, அரசு மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம் போய்விட்டது. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத தமிழக மாவட்டங்களில் காஞ்சியும் ஒன்றாகிப்போனது. நரம்பியல், சிறுநீரகம் என்று சிறப்பு டாக்டர் தேவைப்பட்டால் செங்கல்பட்டு, வேலூர், சென்னை என்று பஸ் ஏற வேண்டும்.

பஸ் ஏறுவது காசு சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, புடவைக்குத்தான் கூலி. ஒரு முழு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் போனால் அன்றைக்குத் தறி ஓடாது. கோர்வைக்குத் துணையாக உட்காரும் ஆளின் பிழைப்பும் சேர்ந்து நிற்கும். தெரு டாக்டரிடம் தறி வேலை முடிந்ததும் ராத்திரி எட்டரை மணிக்குப் போய்விட்டு வரலாம். அவர் வாங்கிய ஐம்பதோ நூறோ ஃபீஸைவிட, அந்த எட்டரை மணிதான் பெரிய சகாயம்.

இந்த இடத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு மரியாதை செலுத்தத்தான் வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. இதற்கு அவசியம் எப்படி வந்தது என்பதற்கு 2020-ல் மாநிலத்தில் எடுத்த ஆய்வே சாட்சி: பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், சுகரில் 10.8 சதவீதம்.

டாக்டரை இழந்தவர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு. மாத்திரை தடைபடாது. ஆனால் வீடு தேடி வருவது பெரும்பாலும் சுகர், பிரஷர் மாத்திரைகள்தான். வலிப்புக்கும் மூட்டுவாதத்துக்கும் அசிட்ரோமுக்கும் நோயாளியேதான் அலைய வேண்டும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்கும் படுக்கைக்கும் கைகொடுக்கும், மாதாந்திர மாத்திரைக்கு அல்ல. 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்கள் விலையைக் குறைத்தன. அங்கேயும் சீட்டு கேட்பார்கள், அதை எழுத ஆள் வேண்டும்.

> நார்வே சொல்லும் கணக்கு
>
> நார்வேயில் ஒவ்வொருவர் பெயரும் ஏதோ ஒரு குடும்ப டாக்டரின் பட்டியலில் இருக்கும். டாக்டர் போனாலும் பட்டியல் போகாது, அடுத்து வருகிறவர் கைக்கு மாறும்.
>
> அங்கே சுமார் 45 லட்சம் பேரின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு, பிரிட்டனின் பொது மருத்துவ இதழில் 2022-ல் வெளியானது. ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருஷம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதமும், இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தது.
>
> அதற்கு முன், 2018-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 18, ஒரே டாக்டரிடம் தொடர்கிறவர்களிடையே இறப்பு குறைவு என்று காட்டின.
>
> 'கைராசி' என்று நம் பாட்டிகள் சொன்னதில் ஒரு பங்கு ராசி அல்ல, பழக்கம்.

கேட்கக் கூடாத கேள்வி

"டாக்டர், உங்களுக்கு அப்புறம் நான் யாரைப் பார்க்கணும்?" இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் எழுபது வயது டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்க நா எழாது. வாய் தவறி வந்தாலும் கூட வந்த மருமகள் இடிப்பாள். நல்ல வார்த்தை பேசுகிற இடத்தில் அபசகுனமாக இதென்ன என்று. டாக்டரும் "ஏன், எனக்கு நாள் குறிச்சிட்டியா?" என்று சிரித்து மழுப்புவார். சொத்துக்கு உயில் எழுதச் சொல்லவே தயங்குகிற ஊரில், மருந்துச் சீட்டுக்கு உயில் யார் கேட்பார்கள்?

நேராகக் கேட்க வேண்டியதில்லை, சுற்றி வளைத்துக் கேட்கலாம். "சார், நான் பொண்ணு வீட்டுக்கு பெங்களூர் போறேன், அங்கே டாக்டர்கிட்ட காட்ட எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க." எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். என்ன நோய், எந்த வருஷத்திலிருந்து, இப்போது என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் எவ்வளவு. ஐந்தே வரி. இந்தப் பொய்யைச் சொல்லும்படி நானே என் வீட்டுப் பெரியவர்களிடம் சிபாரிசு செய்கிறேன்.

டாக்டர் போன பிறகு என்றால் காம்பவுண்டரைப் பிடிக்க வேண்டும். பழைய நோட்டு, ரத்தப் பரிசோதனை நகல் எல்லாம் இருக்கும் இடம் அவருக்குத்தான் தெரியும். மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்காமல் முழுசாகப் பையில் போட்டு எடுத்துப் போனால், புது டாக்டருக்கு அதுவே பாதிச் சரித்திரம். லேப்களில் பழைய ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் கிடக்கும், கேட்டால் அச்செடுத்துக் கொடுப்பார்கள். தூக்க மாத்திரைக்கும் மனநல மாத்திரைக்கும் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பார்க்கலாம். அங்கே போனால் 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடும் என்று பயந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கையில் நாலு நாள் மாத்திரை மட்டும் இருக்கும் அந்தப் பாட்டிக்கு இதெல்லாம் உடனே உதவாது. உதவியிருக்கக்கூடிய ஒரு வழி அதே 65-வது விதிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து என்று சொல்லும் விதி, டாக்டர் தன் கையெழுத்தில் 'மாதம் ஒருமுறை வீதம் மூன்று முறை வழங்கலாம்' என்று எழுதியிருந்தால், அதன்படியே கொடுக்க அனுமதிக்கிறது. மூன்று மாதம் என்பது பெரியாஸ்பத்திரியில் நோட்டு போடவும், ரத்தம் பார்க்கவும், இன்னொரு டாக்டரிடம் பழகிக்கொள்ளவும் போதுமான அவகாசம். நாள்பட்ட நோய்க்கு எழுதும் சீட்டில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும் டாக்டர்கள் மிகக் குறைவு. அப்படி எழுதச் சொல்லலாம் என்று தெரிந்த நோயாளிகள் அதைவிடக் குறைவு.